ஐஸ் மீனுக்கு ஒரு மணி நேரம்

மீன் விற்கிறவர்களுக்கெல்லாம் மீன் நாறிவிடுமே என்று கவலை. எனக்கோ என் மீன் நாறவில்லையே என்று கவலை. நாறாத மீனை நம்முடைய ஜனங்கள் நம்பமாட்டார்கள். கையில் வாங்கி, மூக்குப் பக்கம் கொண்டுபோய் முகர்ந்து பார்த்து, ஒரு வாடையும் வராமல் போகவே, "இதுல என்னமோ சூது இருக்கு" என்று பெட்டி மேல் வைத்துவிட்டு நடையைக் கட்டுவார்கள்.

அப்போது எழுபதுகளின் தொடக்கம். கழக ஆட்சி வந்து சில வருஷம் ஆகியிருந்தது. கடலை விட்டுத் தள்ளியிருக்கிற ஏழை வீட்டிலும் கடல்மீன் குழம்பு கொதிக்க வேண்டும் என்று யாரோ நல்ல மனசோடு யோசித்து, திருவாரூர்க் கடைத்தெருவில் ஒரு கூட்டுறவு மீன் கடையைத் திறந்தார்கள். கடலோரத்தில் மீனைச் செங்கல் அளவுக் கட்டிகளாக உறையவைத்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, வேனில் அனுப்புவார்கள். அதை ஐஸ் பெட்டியில் போட்டு விற்பது என் வேலை. ஆறு மாதம் சோதனை. கடை நிலைத்தால் எனக்கு நிரந்தர உத்தரவு வரும். மூடினால் மூட்டையைக் கட்டிக்கொண்டு பாபநாசத்துக்குப் போய் அப்பா முகத்தில் விழிக்க வேண்டும். அப்பாவுக்கு நான் மீன் விற்பதே தெரியாது. எங்களுடையது சைவ வீடு. "கூட்டுறவில் குமாஸ்தா" என்று சொல்லிவைத்திருந்தேன். மீன் நாறாததில் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை அதுதான்.

தற்காலிக உத்தியோகம் பார்த்தவர்களுக்கு என் நிலைமையை விளக்க வேண்டியதில்லை. கடை வாசலில் ஆணியில் ஒரு புகார் நோட்டு தொங்கும். மாதம் ஒரு தரம் ஜீப்பில் வரும் அதிகாரி, என்னைப் பார்ப்பதற்கு முன்னால் அதைத்தான் பார்ப்பார். ஜீப் சத்தம் கேட்டாலே நோட்டில் புதுசாக என்ன எழுதியிருக்கிறது என்று ஓடிப்போய்ப் பார்ப்பேன். ஐஸ் மீனுக்கு ஒரு குணம் உண்டு: கடையில் கரண்ட் போனால் இளகிவிடும், வாங்கினவர் வீட்டு அடுப்பங்கரையில் இளகாது. இரண்டுக்கும் புகார் எழுதுவார்கள். நான் நாளைக்கு நாற்பது தரம் பெட்டியைத் திறந்து மீன் கல்லாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். அடிக்கடி திறப்பதாலேயே குளிர் போகும் என்று தெரியும். தெரிந்தும் திறப்பேன்.

கொதிக்கிற குழம்பு

முதல் வாரத்தில் ஒரு கட்டி சங்கரா மீன் வாங்கியவர் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். படித்தவர், அரசாங்கத் திட்டத்துக்கு ஆதரவு தர வேண்டும் என்று வந்தவர். அவர் நாலு பேருக்குச் சொன்னால் கடை பிழைக்கும் என்று நானே பையில் போட்டுக் கொடுத்தேன். எப்படி இளக்குவது என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் தெரியாததால் நானும் சொல்லவில்லை.

மறுநாள் காலை பள்ளிக்கூடம் போகிற வழியில் சைக்கிளை நிறுத்தினார். அவர் மனைவி குழம்பைக் கூட்டி, கொதி வந்ததும், கட்டியை அப்படியே முழுசாக உள்ளே இறக்கியிருக்கிறார். மேலே இருந்த மீன் கரைந்து கூழாகிவிட்டது. நடுவில் இருந்த மீன் அப்படியே விறைத்துக் கிடந்திருக்கிறது. விருந்துக்கு வந்திருந்த மைத்துனர் கடித்துவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாராம். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "தம்பி, குழம்பு கொதிக்குது, மீன் நடுங்குது. முப்பது வருஷம் பாடம் நடத்தியிருக்கேன், இதுக்கு விளக்கம் எனக்குத் தெரியலை."

நீடாமங்கலம் கேட்

இரண்டாவது அடி பஸ் ரூபத்தில் வந்தது. தஞ்சாவூர் போகும் பஸ்ஸின் கண்டக்டர் ஒருவர், மாமியார் வீட்டுக்கு என்று இரண்டு கட்டி வாங்கினார். இளக்குவதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். டிரைவருக்குப் பக்கத்தில் என்ஜின் மூடி எப்போதும் சுடச்சுட இருக்கும். அதன் மேல் வைத்தால் தஞ்சாவூர் போவதற்குள் பதமாக இளகிவிடும் என்பது கணக்கு.

கணக்கு சரிதான். நீடாமங்கலம் ரயில்வே கேட்டை மட்டும் அவர் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்தக் கேட்டில் மாட்டியவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால் இந்தப் பக்கத்து ஜனம் முழுக்கத் தூக்கும். அன்றைக்கு ஒரு கூட்ஸ் வண்டி போய், ஒரு பாசஞ்சர் வந்து, கூட்ஸ் வண்டி திரும்பவும் பின்னால் வந்திருக்கிறது. அதற்குள் மீன் இளகி, ஒரு பக்கம் வெந்து, தண்ணீர் வழிந்து, முன் சீட்டில் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்த அம்மாளின் பட்டுப்புடவையை நனைத்துவிட்டது. மறுநாள் என்னைத் தேடி வந்தது கண்டக்டர் இல்லை, டிரைவர். புகார் நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். எழுதத் தெரியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வாயாலேயே சொன்னார்: "ஸ்டேரிங்கைத் தொட்டா மீன் வாடை, சோத்தைத் தொட்டா மீன் வாடை. இனிமே உங்க மீன் என் வண்டியில ஏறிச்சு, ஓடம்போக்கிப் பாலத்துலேருந்து கீழ வீசிடுவேன், ஆமாம்."

திரும்பி வந்த மீன்

ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் காலையில் வாங்கிப் போன மீனைச் சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்தார். விருந்தாளி வரவில்லையாம். மீன் முழுக்க இளகி, தாளுக்குள் தளதளவென்று இருந்தது. அதை மறுபடி ஐஸ் பெட்டியில் வைத்து, நாளைக்குக் கல்லாக்கிக் கொடுக்க வேண்டுமாம்.

இளகின மீனைத் திரும்ப உறையவைத்தால் கெட்டுப்போகும் என்று வேன் டிரைவர் சொல்லித் தெரியும். அதைச் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பெட்டி அரசாங்கத்துடையது, கரண்ட் அரசாங்கத்துடையது, நான் வரி கட்டுகிறேன் என்று ஆரம்பித்துவிட்டார். நான் மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அவரும் மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். கூட்டம் கூடிவிட்டது. கடைசியில் மீனைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "பொண்ணு பொறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தாக்கூட உள்ள சேத்துக்குறாங்க, இந்தத் தம்பி ஒரு மீனைச் சேத்துக்க மாட்டேங்குறாரு!"

அஞ்சலையின் கேள்வி

கடையில் என்னோடு இன்னொருத்தி வேலை பார்த்தாள், பேர் அஞ்சலை. நாகூர்ப் பக்கத்துக் கடலோரக் குப்பத்துக்காரி. செதில் உரித்து, துண்டு போட்டுக் கொடுப்பது அவள் வேலை. ஆனால் ஐஸ் மீனில் அரிவாள்மணை இறங்காது, ஆகையால் பாதி நாள் சும்மா உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். துள்ளுகிற மீனை வெட்டின கைக்கு இந்தக் கல்லைப் பார்த்தால் அவமானமாக இருக்கிறதாம்.

புகார் நோட்டில் பக்கங்கள் நிரம்ப நிரம்ப எனக்குத் தூக்கம் போயிற்று. மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஜனங்களுக்கு இளக்கும் முறை தெரியவில்லை, ஏதாவது செய்ய வேண்டும் என்று. ஆச்சரியம், ஒரு மாதத்தில் கட்டு கட்டாக அச்சடித்த அறிவிப்பு வந்தது. அடியில் ஆபீஸ் முத்திரை. வாசகம் இன்னும் மனப்பாடம்: "உறைந்த மீனைத் தாள் பிரிக்காமல், வெயிலிலோ வெந்நீரிலோ வைக்காமல், ஒரு வாளியில் இட்டு, குளிர்ந்த கிணற்று நீரில் ஒரு மணி நேரம் அமிழ்த்தி வைத்து, இளகியபின் உடனே சமைக்கவும். இளகியதை மீண்டும் உறைய வைக்கக் கூடாது."

எனக்கு உயிர் வந்தது. ஒவ்வொரு கட்டியோடும் ஒரு காகிதம் கொடுத்தேன். வருகிறவர்களிடம் வாயாலும் ஒப்பித்தேன். இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்த அஞ்சலை, மூன்றாம் நாள் மணையைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள். நீங்கள் இந்த மீனைச் சாப்பிட்டிருக்கிறீர்களா என்று. இல்லை, நான் சைவம் என்றேன். இதை எழுதின ஆபீசர் சமைத்திருக்கிறாரா என்று கேட்டாள். எனக்கென்ன தெரியும் என்றேன். "அப்ப சரி சார். தின்னாதவரு சொல்றாரு, ஆக்காதவரு எழுதுறாரு, பேப்பர்ல மட்டும் மீனு ஜோரா இளகுது."

குளத்துக்குக் காவல்

அந்தப் புரட்டாசியில் சுற்றுவட்டாரம் பூராவும் குறுவை கதிர் சாய்ந்து கிடந்தது, அறுக்க ஆள் இறங்கவில்லை. அறுவடைக் கூலியில் நெல் கூடுதலாகக் கேட்டு விவசாயத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம். வரப்புக்கு வரப்பு செங்கொடி. பண்ணைக்காரர்கள் வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவரப் பார்த்தார்கள். அவர்களில் பலர் புதுசாக ஆளுங்கட்சிக் கரை வேட்டிக்கு மாறியிருந்தார்கள். மழை இறங்குவதற்குள் யார் இறங்குவது என்று இரண்டு பக்கமும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நானும் பார்த்துக்கொண்டிருந்தேன், மழை வந்தால் கரண்ட் போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாரியம்மா வந்தாள். நாலு மைல் தள்ளி ஒரு ஊரில் காலனித் தெருக்காரி, நடவும் அறுப்பும் செய்கிறவள். ஆவணியில் மகளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அன்றைக்கு மாப்பிள்ளை முதல் தடவையாக விருந்துக்கு வந்திருக்கிறார். மீன் குழம்பு இல்லாமல் மாப்பிள்ளைக்கு இலை போட்டால் சம்பந்தி வீட்டில் காலத்துக்கும் சொல்லிக் காட்டுவார்கள். எப்போதும் குளத்தில் கெண்டையோ விராலோ பிடித்துக்கொள்வது வழக்கம். ஆனால் குளத்து மீன் குத்தகை பண்ணையின் பேரில் இருந்தது. வேலை நிறுத்தம் தொடங்கின அன்றிலிருந்து குளத்துக்குக் காவல் போட்டுவிட்டார்கள். வாய்க்காலில் கூடை வைத்தாலும் பிடுங்கிக்கொண்டார்கள். யாரையும் கேட்காமல் அவள் வாங்கக்கூடிய மீன் ஜில்லாவிலேயே என் ஐஸ் பெட்டியில்தான் இருந்தது.

ஒரு கட்டி கானாங்கெளுத்தி கொடுத்தேன், காகிதமும் கொடுத்தேன், பாடமும் ஒப்பித்தேன். அவள் கவனமாகக் கேட்டாள். பிறகு, எங்கள் தெருக் குட்டைத் தண்ணீர் வெந்நீர் போலக் கிடக்கிறதே, பரவாயில்லையா என்றாள். கூடாது, கூடாது, குளிர்ந்த கிணற்று நீர் என்று காகிதத்தைத் தட்டிக் காட்டினேன். அதற்குள் பின்னால் இரண்டு பேர் அவசரப்படுத்தினார்கள், ஐஸ் பெட்டி வேறு கரகரவென்று சத்தம் போட்டது. ஊரில் கிணறே இல்லையா என்று நான் கேட்டேன். மெயின் தெருவில் பஞ்சாயத்துக் கிணறு ஒன்று இருக்கிறது, அதில் நாங்கள் வாளி போட்டதில்லை என்றாள். நான் பெட்டிக்குள் தலையை விட்டபடியே, பஞ்சாயத்துக் கிணறென்றால் எல்லாருக்கும்தானே, போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். துணிச்சலினால் அல்ல, அவசரத்தில் சொன்னேன். அவள் காகிதத்தை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "ஒரு மணி நேரம்னு போட்டிருக்குங்களா தம்பி? சரியா பாத்துச் சொல்லுங்க, ஒரு மணி நேரம்தானே?"

கிணற்றடியில்

என்ன நடந்தது என்பதைத் திங்கட்கிழமை காலையில் பண்ணை ஏஜெண்ட் வந்து சொன்னார். வெள்ளை வேட்டி, கக்கத்தில் குடை, மரியாதையான பேச்சு. புகார் நோட்டை அவரே ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

மாரியம்மா நேராக மெயின் தெருக் கிணற்றுக்குப் போயிருக்கிறாள். மகளும் மாப்பிள்ளையும் கூட. மீனை வாளியில் வைத்து, கயிறு கட்டி, தண்ணீர் மட்டத்துக்கு இறக்கியிருக்கிறாள். வீட்டுக்கு வீடு ஆட்கள் வெளியே வந்து கேட்டபோது, மாப்பிள்ளை காகிதத்தை உரக்கப் படித்திருக்கிறான், முத்திரை வரைக்கும். அரசாங்கக் காகிதம், பஞ்சாயத்துக் கிணறு. தடி எடுத்தவர்கள்கூடப் போலீஸ் வருமோ என்று முத்திரையைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். மாரியம்மா அசையவில்லை. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, அத்தனை பேருக்கு நடுவில், ஒரு மணி நேரம் நின்றிருக்கிறாள். நேரமானதும் மீனை எடுத்துக்கொண்டு, ஒருத்தரையும் ஏறிட்டுப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்க் குழம்பு வைத்துவிட்டாள்.

நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ற நினைப்பு ஒரு பக்கம், என் உத்தரவு என்ன ஆகுமோ என்ற நினைப்பு ஒரு பக்கம். இரண்டாவது நினைப்புதான் பெரிசாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஏஜெண்ட் எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, நிஜமான வருத்தத்தோடு சொன்னார்: "ஒரு குடம் தண்ணி மொண்டுட்டு ஓடியிருந்தா நாங்க கண்டுக்காம விட்டிருப்போம் சார். ஒரு மணி நேரம்ல நின்னா!"

காகிதம் கேட்டவர்கள்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதற்கு முன்னாலேயே வரிசை நின்றது. மாரியம்மாவின் தெரு மட்டுமில்லை, பக்கத்து மூன்று நாலு ஊர்க் காலனிக்காரர்கள். பெண்கள்தான் அதிகம். என்ன மீன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, முகர்ந்து பார்க்கவில்லை. பத்து மணிக்கெல்லாம் பெட்டி காலி. கடை திறந்து நாலு மாதத்தில் அப்படி ஒரு நாளை நான் பார்த்ததில்லை. சந்தோஷப்பட வேண்டியவன், கதவுக்கும் பெட்டிக்கும் நடுவில் அலைந்துகொண்டிருந்தேன்.

மீன் தீர்ந்த பிறகும் ஏழெட்டுப் பேர் நகரவில்லை. மீன் இல்லையம்மா, வெள்ளிக்கிழமை வேன் வரும் என்றேன். முன்னால் நின்றவள் தலையை ஆட்டினாள். "மீனு அப்புறம் வாங்கிக்கிறோங்க. அந்த ஒரு மணி நேரம் போட்ட பேப்பர் இருந்தா ஆளுக்கொண்ணு குடுங்க, முத்திரை நல்லா வுழுந்ததாப் பாத்து."

மாரியம்மா வீட்டுச் சாப்பாடு

அதற்கடுத்த வாரம் அதிகாரியிடமிருந்து தகவல் வந்தது, விசாரணைக்கு வருகிறார் என்று. மாரியம்மா நான் சொன்னதைத் தப்பாகப் புரிந்துகொண்டதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நான் பிழைத்தேன் என்று எனக்குத் தோன்றியது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். ஞாயிறு மத்தியானம் கடையைப் பூட்டி, சைக்கிளை எடுத்துக்கொண்டு அதைக் கேட்கப் போனேன். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று நாலு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

மாரியம்மா என்னைப் பார்த்ததும் பாயைப் போட்டாள். நான் பேச்சை எடுக்கிறதற்குள் தட்டில் சோறும் குழம்பும் வந்துவிட்டது. காலையில் என்னிடம் வாங்கின மீன்தான், கிணற்றில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்தது. இந்தத் தடவை கூட நாலு வாளி தொங்கியதாம். நான் சைவம் என்று சொல்லியிருக்கலாம். அந்த வீட்டில், அந்தப் பெண்மணி தட்டோடு நிற்கும்போது, அப்படிச் சொன்னால் அவள் அதை எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். ஒரு துண்டைப் பிட்டு வாயில் வைத்தேன். பயந்த மாதிரி ஒன்றும் ஆகவில்லை. முள்ளை விட்டுச் சதை பூப்போலக் கழன்றது. நடுவில் ஐஸ் இல்லை.

கேட்க வந்ததைக் கேட்கவில்லை. கை கழுவிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். எதற்கு வந்தேன் என்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. "உங்க வேலைக்கு எது நல்லதோ அதைச் சொல்லிடுங்க தம்பி. நான் நின்னது நின்னதுதானே, அதை யாரும் எடுத்துட முடியாது."

ஐந்து நிமிடம்

ஜீப் வந்தது. பின் சீட்டிலிருந்து ஏஜெண்டும் குடையோடு இறங்கினார். அதிகாரி நல்ல மனிதர், யாரையும் பகைத்துக்கொள்ள விரும்பாதவர். பைலிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து மேஜை மேல் வைத்தார். ஒன்று என் நிரந்தர உத்தரவு, டைப் அடித்து, கையெழுத்துக்குத் தயாராக. என் இனிஷியல்கூடச் சரியாக இருந்தது. இன்னொன்று புது அறிவிப்பின் நகல். அதில் கிணறு இல்லை. "வீட்டுப் பாத்திரத்து நீரில் ஐந்து நிமிடம் வைத்தால் போதுமானது" என்று இருந்தது. ஐந்து நிமிடம் போதும் என்று விற்பனையாளரான நான் அனுபவத்தில் கண்டதாக ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான். மாரியம்மா பேரே வராது.

பேனாவைத் திறந்தேன். தலைமையாசிரியரின் மைத்துனர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டது ஞாபகம் வந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவள் ஞாபகம் வந்தது. அப்பா ஞாபகமும் வந்தது, பொய் சொல்லமாட்டேன். "ஒரு மணி நேரம் ஆகும் சார்" என்றேன். நீ மீன் சாப்பிடாதவனாச்சே, உனக்கெப்படித் தெரியும் என்றார் அதிகாரி. சாப்பிட்டேன் சார் என்றேன். மூலையில் இருந்த அஞ்சலை சடாரென்று எழுந்து வந்து என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் பெட்டியிலிருந்து ஒரு கட்டியை எடுத்து, வாளித் தண்ணீரில் போட்டு, அதிகாரி முன்னால் வைத்து, "அஞ்சு நிமிஷந்தானே, உக்காந்து பாருங்க சார்" என்றாள்.

உட்கார்ந்தோம். நாலு பேரும் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்து நிமிடம் ஆயிற்று. அதிகாரி மீனை எடுத்து மேஜையில் தட்டினார், செங்கல் சத்தம் வந்தது. இன்னும் ஐந்து நிமிடம் பார்த்தார். அப்போதும் அதே சத்தம். தண்ணீர் சரியில்லை என்றார் ஏஜெண்ட். அதிகாரி கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டு, இரண்டு காகிதங்களையும் திரும்பப் பைலுக்குள் வைத்தார். "நீ சொல்றது நெசம்தான்யா. ஆனா அந்த நெசத்தை எந்தப் பைல்ல வைக்கிறதுன்னுதான் எனக்குத் தெரியலை."

வாளிக்குள்

ஆறு மாதம் முடிந்ததும், பொதுமக்களிடம் போதிய ஆதரவு இல்லாததால் கடை மூடப்படுகிறது என்று உத்தரவு வந்தது. கடைசி ஞாயிற்றுக்கிழமையும் பத்து மணிக்குப் பெட்டி காலியாகத்தான் இருந்தது. அறுவடைக் கூலிப் பேச்சுவார்த்தை அதற்கு முன்பே பாதிக்குப் பாதி என்று முடிந்து, மழைக்குத் தப்பிய கதிரை அறுத்திருந்தார்கள். அஞ்சலை நாகூருக்கே போய்த் துள்ளுகிற மீனை வெட்டப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள், போகும்போது முதல் தடவையாகச் சிரிக்கவில்லை.

பெட்டி படுக்கையோடு பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். அப்பாவிடம் என்ன சொல்வது என்று மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. மாரியம்மா எங்கேயோ போவதற்காக மகளோடு வந்தாள். கடை மூடிவிட்டதே, இனிமேல் என்ன செய்வீர்கள் என்று நான்தான் கேட்டேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள். "அந்தப் பேப்பர் பத்திரமா இருக்குங்க தம்பி. ஞாயித்துக்கிழமையானா வாளியை உள்ள இறக்கிட்டு ஒரு மணி நேரம் நிக்கிறோம்; வாளிக்குள்ள என்ன இருக்குன்னு எவன் எட்டிப் பாக்கப்போறான்?"

உறைந்த மீன் இளக ஒரு மணி நேரம் ஆகும் என்று சொன்னதற்காக உத்தியோகத்தை விட்ட ஒரே ஆள் தஞ்சாவூர் ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன், இன்றைக்கு யார் வந்து கேட்டாலும் ஒரு மணி நேரம்தான்.